பந்தும் பந்தியும்

"விலைவாசி விண்ணை முட்டுகிறது, வேலை நிரந்தரமில்லை, வீட்டு வாடகை கழுத்தை நெரிக்கிறது. இந்த நேரத்தில் கிரிக்கெட் பற்றி எழுத வந்துவிட்டாயே!" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்கும் அந்தத் தோழரே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வீட்டார் விழிக்குமுன், மட்டைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நசரத்பேட்டைப் பக்கம் வண்டியை விரட்டுகிறவராக இருப்பார்! ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்றே போனால் நசரத்பேட்டை. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு ஓடும் வெளிவட்டச் சாலை அந்தப் பக்கத்தில்தான் நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. அதன் முதற்பகுதி திறக்கப்பட்டது 2014-ஆம் ஆண்டில். மேற்கே திருமழிசைத் தொழிற்பேட்டை, செம்பரம்பாக்கம் ஏரி, அதற்கும் அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். வடக்கே திரும்பினால் ஆவடி, அம்பத்தூர். வார நாட்களில் இந்தச் சாலைகளில் கம்பெனிப் பேருந்துகள் உறங்கும் முகங்களைச் சுமந்து செல்லும். ஞாயிறன்று அதே முகங்கள் விழித்த முகங்களாக, இரண்டு சக்கர வண்டியில் இருவர் இருவராக, நடுவே ஒரு மட்டைப் பையை இடுக்கிக்கொண்டு வருவதைக் காணலாம்.

யார் இவர்கள்? லேத் ஓட்டுகிறவர், செல்போன் ஆலையில் இரவு ஷிப்டு முடித்தவர், கணினி நிறுவனத்தில் கண் சிவக்க உழைப்பவர், மருந்துக்கடைப் பையன், வாடகைக் கார் ஓட்டுபவர், கல்லூரி விடுதி மாணவர். சட்டைக்குப் பின்புறம் பெயரும் எண்ணும் அச்சிட்டிருக்கும். பெயரைப் பார்த்தால் உலகக் கோப்பை. ஓட்டத்தைப் பார்த்தால் முழங்கால் வலி!

ஓர் ஆட்டம் எப்படிக் கூடுகிறது தெரியுமோ? புதன்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவிலே கேள்வி பிறக்கும்: "ஞாயிறு யார் யார் ரெடி?" பதினைந்து பேர் கட்டைவிரல் காட்டுவர். வெள்ளிக்கிழமை அது பன்னிரண்டாகும். சனிக்கிழமை இரவு ஒன்பது! ஒருவனுக்கு ஷிப்டு மாற்றம். இன்னொருவனின் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் அது நடக்காது. மற்றொருவன் காரணம் ஏதும் சொல்லமாட்டான், கைபேசியை அணைத்துவிடுவான். கேப்டன் என்ற பட்டத்தைச் சுமப்பவன் பாடு அப்போது பரிதாபம். பக்கத்துத் தெருத் தம்பி, தம்பியின் நண்பன், நண்பனின் அறைத்தோழன் என்று தூது போகும். ஆள் கிடைத்தால் போதும். ஆடத் தெரியுமா என்பது இரண்டாவது கேள்வி.

பிறகு பணம். திடல் வாடகை, நடுவர் கூலி, பந்து விலை எல்லாவற்றையும் கூட்டி ஆட்களால் வகுக்க வேண்டும். சம்பளத் தேதிக்கு முந்தின ஞாயிறு என்றால் அந்த வகுத்தல் சரியாக வருவதில்லை. தர இயலாதவன் பெயரை யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். அவன் வேகப்பந்து வீசுகிறவனானால் கணக்கே மறந்துபோகும். கேட்ச் விடுகிறவனானால் மாதக் கடைசி வரை நினைவிருக்கும். நீதி என்பது நம் திடல்களிலும் கொஞ்சம் ஓரஞ்சாய்ந்துதான் நிற்கிறது!

இருபது ஓவர், இருபத்தைந்து ஓவர் ஆட்டங்கள். காலை ஒரு ஆட்டம், வெயில் ஏறிய பின் ஒன்று, பிற்பகல் ஒன்று என்று பல திடல்களில் நேரத்தைப் பங்கு போட்டு விற்கிறார்கள். முதல் ஆட்டம் நீண்டால் அடுத்த அணிக்காரர் எல்லைக்கோட்டருகே நின்று கடிகாரத்தைக் காட்டுவர். சில இடங்களில் புல் களம். பல இடங்களில் தேங்காய் நார்ப் பாய் விரித்து ஆணி அறைந்த களம். அந்தப் பாயில் விழுந்த பந்து சீறி எழும். புதிதாக வந்தவன் முன்காலில் சாய்ந்து அடிக்கப் போய் விலாவில் வாங்கிக்கொள்வான். இந்தப் பாயில் பழகித்தான் சென்னை லீக் ஆட்டக்காரர் பல தலைமுறையாக வளர்ந்தார்கள்.

ஆட்டம் முடிந்த பின் நடப்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். சாலையோரக் கடையில் டீயும் பன்னும். பணம் மிஞ்சினால் பிரியாணிப் பொட்டலம். தண்ணீர் போத்தல் ஒன்றுதான். அது கைமாறி, வாய்மாறி, பதினொரு பேரையும் சுற்றி வரும். யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை. 'நீ எந்தத் தெரு?' என்று கேட்ட பிறகு போத்தலைத் தருவதில்லை. இதிலென்ன அதிசயம் என்பீர்கள். இந்த ஒரு போத்தலுக்காக இந்த ஆட்டத்தில் ஒரு நூற்றாண்டு போராட்டம் நடந்திருக்கிறது, தோழரே!

வெள்ளைத் துரைமார் சென்னையில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியது 1846-இல். சேப்பாக்கத்தில் திடல், நிழலுக்கு மண்டபம், மண்டபத்தில் மேசை, மேசையில் விருந்து. இந்தியன் அங்கே பந்து பொறுக்கலாம், பந்து வீசலாம், வெயிலில் கருகலாம். மண்டபத்தில் உட்காரக் கூடாது. இந்த அவமதிப்பைப் பொறுக்காத ஒருவர் புச்சிபாபு நாயுடு. துபாஷ் குடும்பத்துச் செல்வர். மயிலாப்பூர் லஸ் பக்கத்து மாளிகைக்காரர். அவர் 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் தந்து, வெள்ளையரோடு சரிக்குச் சரி மோதும் நாளைத் தேடினார். வெள்ளையருக்கும் இந்தியருக்குமான மாகாண ஆட்டம் 1908-இல் கூடிவந்த வேளையில் அவர் மறைந்தார். பின்னால் பொங்கல் தோறும் நடந்து பெரும்பேர் பெற்றது அந்த ஆட்டம். 1952 பிப்ரவரி 10-ஆம் நாள், அதே சேப்பாக்கத்தில், வினு மன்கட் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 12 விக்கெட்டுகளைச் சாய்க்க, இங்கிலாந்தை இன்னிங்ஸ் தோல்வியில் தள்ளி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. மண்டபத்தில் இடமில்லை என்ற திடலில் மகுடமே கிடைத்தது!

நல்லது. வெள்ளையன் நம்மை வெளியே நிறுத்தினான், கொதித்தோம், வென்றோம். நாம் யாரை வெளியே நிறுத்தினோம்?

பல்வங்கர் பாலு என்ற பெயரை எத்தனை பேர் அறிவர்? பூனாவில் வெள்ளையர் சங்கத் திடலைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தவர். வலைப் பயிற்சியில் துரைமாருக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழலில் மன்னரானார். அவரில்லாமல் வெல்ல முடியாது என்ற நிலை வந்ததும், இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவே! தேநீர் வேளையில் மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு மண்டபத்துக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளை. அவர் வீசிய பந்தைத் தொடலாம், அந்தப் பந்து தந்த வெற்றியைத் தொடலாம், அவர் உதடு பட்ட கோப்பையைத் தொடலாகாது! எந்தச் சாத்திரத்தில் இந்த நுணுக்கம் எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர் அந்தப் பாலு. ஆனாலும் தலைமைப் பதவி கடைசிவரை அவருக்கு முறையாகத் தரப்படவில்லை. 1920-இல் துணைத்தலைவர் என்றார்கள். தலைவர் சற்றே களத்தை விட்டு வெளியேறியபோது அணியை நடத்தக் கிடைத்தது. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் நாற்கோணப் போட்டியில் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட நாற்காலி தம்பிக்கு! கறுப்பரின் ஆட்டத்தால் புகழ்பெற்ற மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதைதான். 1928-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய அணிக்கு, ஒரு முழுத் தொடருக்கும் தலைமை தாங்கும் முதற் கறுப்பராகப் பிராங்க் வொரல் வர 1960 ஆயிற்று. வியர்வை யாருடையதாகவும் இருக்கலாம், விரல் நீட்டி ஆணையிடுகிறவன் இன்னார்தான் என்ற ஏற்பாடு கடல் கடந்தும் உண்டு.

பந்தைப் பற்றியும் ஒரு சொல். நடுவே தக்கை, அதைச் சுற்றி இறுகக் கட்டிய நூல், மேலே மாட்டுத்தோல். நமது நாட்டில் மீரட்டும் ஜலந்தரும் இந்தத் தொழிலுக்குப் பெயர்போனவை. தோலைப் பதப்படுத்தி, வெட்டி, கையால் தைக்கும் அந்தத் தொழிலாளரில் பெரும்பாலோர் தோல் தொட்டதாலேயே தீட்டுப்பட்டவர் என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட குலத்தவர். அந்தத் தோலைத்தான் ஆசாரசீலர்களும் கையிலெடுத்தார்கள், காற்சட்டையில் தேய்த்தார்கள், எச்சில் தொட்டுப் பளபளப்பாக்கினார்கள்! எச்சில் தொடுவதை 2020-இல் தடுத்ததுகூடக் கொரோனாவே. 2022-இல் அதை நிரந்தரத் தடையாக்கிவிட்டார்கள். நோய் கற்பித்த சுத்தத்தை விதியாக எழுதினார்கள். தைத்தவன் கையை மறந்துவிட்டு, தைத்த பொருளைக் கொண்டாடுவதற்கு எந்த விதியும் தேவைப்படவில்லை.

இனி நசரத்பேட்டைக்கு வருவோம். அந்தத் தண்ணீர் போத்தல் எப்படிச் சுற்றி வருகிறது? யாராவது சொற்பொழிவாற்றியா? நானும் மேடைக்காரன்தான், உண்மையைச் சொல்கிறேன், இல்லை. பதினோராவது ஆள் கிடைக்காததால்! சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஆள் தேடுகிறவன் குலம் கோத்திரம் விசாரிப்பானா? கிராமத்தில் அணி என்பது தெரு; தெரு என்பது சாதி. ஊர்த்தெருவுக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று பிரிந்து நிற்கும். கோப்பைக்கான ஆட்டத்திலே கோபம் வேறெங்கிருந்தோ வரும். 2024-இல் வந்த 'ப்ளூ ஸ்டார்' படம் அரக்கோணத்தைக் களமாக வைத்து இதைக் காட்டியது. அதே ஆண்டின் 'லப்பர் பந்து' காட்டியதும் இந்தச் சுவரைத்தான். ஊரெல்லாம் கைதட்டிப் பார்த்தது, ஏனென்றால் ஊருக்கெல்லாம் அது தெரிந்த கதை. புறநகரில் அணி என்பது ஷிப்டு, அணி என்பது விடுதி அறை, அணி என்பது முன்னாள் கல்லூரி வகுப்பு. திருவண்ணாமலையும் தென்காசியும் தருமபுரியும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கின்றன. ஞாயிறன்று ஒரே அணியில் ஆடுகின்றன. தொழிற்சாலை செய்த இந்த வேலையைக் கிரிக்கெட் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் இதே இளைஞன் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் தெரு அணியில் ஆடும்போது போத்தல் இப்படிச் சுற்றுகிறதா? அந்தக் கேள்வியை அவனே தன்னிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வார இறுதி ஆட்டம் வேடிக்கைக்குத்தானே என்பவருக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. தந்தை நெசவுக் கூலி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர். ஊர்த் திடலில் டென்னிஸ் பந்தில் ஆடிய பிள்ளை, இருபது வயதை ஒட்டித்தான் தோல் பந்தைக் கையிலெடுத்துச் சென்னை வந்து நான்காம் பிரிவு லீக்கில் ஆடத் தொடங்கினார். 2015-இல் ரஞ்சி அணியில் இடம் கிடைத்தது; கிடைத்த கையோடு, வீசும் முறை சரியில்லை என்று ஐயம் எழுந்தது. திருத்திக்கொண்டார், திரும்பி வந்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் ஆள் அவர். வொரல் தலைமையேற்று முதல் டெஸ்டைச் சமனில் முடித்தாரே, அதே பிரிஸ்பேன்! திரும்பி வந்தவர் என்ன செய்தார்? சின்னப்பம்பட்டியில் ஒரு திடல் அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. தனக்குக் கிடைக்காதது எது என்பதை அறிந்தவர் அவர். அவருக்குக் கை இருந்தது, வேகம் இருந்தது, தரை இல்லை.

தரை! அதுதான் இன்றைய சிக்கல். சென்னையில் 'கிரவுண்டு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சிறுவனைக் கேட்டால் விளையாட்டுத் திடல் என்பான். நிலத்தரகரைக் கேட்டால் 2,400 சதுர அடி என்பார். மேற்குப் புறநகரில் இரண்டாம் பொருள் முதற்பொருளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அறுவடை முடிந்த வயலில், ஏரி வற்றிய உள்வாயில், மேய்க்கால் புறம்போக்கில் மூன்று குச்சி நட்டு ஆடிய தலைமுறை இன்னும் நாற்பது வயதைத் தாண்டவில்லை. அதற்குள் அங்கே கல் நட்டார்கள். கல் நட்ட இடத்தில் வண்ணக்கொடி கட்டினார்கள். கொடி கட்டிய இடத்தில் கேட் போட்டார்கள். ஆட வேண்டுமா? வாடகை கொடு. கொடுக்க முடிந்தவன் கொடுக்கிறான். திடல் வைத்திருப்பவரையும் நான் பழிக்கவில்லை. நிலத்தை வீட்டு மனையாக விற்காமல் திடலாக வைத்திருக்கிறாரே, அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் எங்கே போவான்? சாலையில் ஆடினால் வண்டி. சந்தில் ஆடினால் கண்ணாடி. மாடியில் ஆடினால் வீட்டுக்காரர்!

கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரால் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டத்தை 2024-இல் தமிழக அரசு தொடங்கியது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கான திட்டம் அது. மட்டை வந்தது, பந்து வந்தது, மகிழ்ச்சி. அந்த மட்டையைச் சுழற்ற இடம் இருக்கிறதா என்று ஊருக்கு ஊர் பார்க்கவேண்டியவர்கள் நாம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவிலிருந்து எல்லைக்கோடு 60 கஜம் என்று வட்டம் போட்டால் இரண்டரை ஏக்கருக்கும் குறைவான நிலம் போதும். தரகர் கணக்கில் 42 கிரவுண்டு. ஒரு புதிய நகர்ப்பிரிவின் விளம்பரப் பலகையில் 'இன்னும் சில மனைகளே' என்று எழுதுகிறார்களே, அந்தச் சிலதான்.

இடம் ஒன்று, நேரம் மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமை என்பது தானாக விழுந்த பழமல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு வார விடுமுறையை 1890-இல் போராடிப் பெற்றுத் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் வழிவந்த தோழர். சென்னையில் 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டபோது, சோறு தின்னக் கொடுத்த இடைவேளை போதவில்லை என்பதே அவர்கள் குறைகளில் முன்னே நின்றது. 1923-இல் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று எழுதிவைத்தது. அந்த ஓய்வு நாளில்தான், தோழரே, நீங்கள் காலில் பேடு கட்டுகிறீர்கள்!

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். உரிமை கேட்டவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் செவிசாய்த்தார்கள். நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அப்போது ஆசை காட்டினார்களே, மூன்று நாளும் ஆடலாமே என்று ஓர் இளைஞன் சொல்லக்கூடும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால், ஐந்தாம் நாள் ஓடுமா என்று எந்த வேகப்பந்து வீச்சாளனையும் கேளுங்கள், சொல்வான்.

சட்டத்தின் நிழலே விழாத ஒருவன் இருக்கிறான். முதுகில் மட்டைப் பைக்குப் பதில் உணவுப் பை. ஊர் ஓய்வெடுக்கும் ஞாயிறுதான் அவனுக்கு ஓட்டம் மிகுந்த நாள். ஆட்டம் முடிந்து பிரியாணிக்குச் சொல்லிவிட்டு நிற்கும்போது கொண்டுவந்து தருகிறானே, அவனும் மட்டை பிடித்த கைக்காரன்தான். ஒரு நிமிடம் எல்லைக்கோட்டருகே நின்று ஓர் ஓவர் பார்ப்பான், கைபேசி ஒலிக்கும், போய்விடுவான். அவன் போன்றோருக்காக 2023-இல் தமிழகத்தில் நலவாரியம் அமைந்தது. காப்பீடு பேசப்படுகிறது, உதவித்தொகை பேசப்படுகிறது. வாரத்தில் ஒரு நாள், வருமானம் குறையாமல் கைபேசியை அணைத்துவைக்கும் உரிமை பற்றியும் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. அவனும் சேர்ந்தால் சனிக்கிழமை இரவு ஆள் தேடும் கேப்டனுக்கும் நிம்மதி!

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மே முதல் நாள். உங்கள் ஊர் எல்லையில் எஞ்சியிருக்கும் புறம்போக்கு எது, அது யார் கையில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்நிலையைத் தொடாதீர்கள், ஏரி ஏரியாகவே இருக்கட்டும். மற்றதில் இரண்டரை ஏக்கர் தேறுமானால் சர்வே எண்ணோடு தீர்மானம் எழுதிக் கொண்டு போங்கள். ஊர்த்தெருப் பையன் ஒருவனும் காலனிப் பையன் ஒருவனும் சேர்ந்து அதைப் படிக்கட்டும்.